ஆகஸ்டு பதினைந்தும் என் இங்கிலீஷ் வகுப்பும்

ராயபுரம்,
17-8-47

அன்பும் பொறுமையும் மிகுந்த செல்லம்மா அக்காவுக்கு, தம்பி தேசப்பன் வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். வள்ளூரில் மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

அக்கா, துறைமுகத்து ஆட்களுக்குச் சாயங்காலம் நான் நடத்தி வந்த இங்கிலீஷ் வகுப்பை மூடிவிட்டேன். நேற்று சுதந்திர தினப் பாடம். புத்தகத்தில் "ராஜாவின் பிறந்த நாள் சந்தோஷமான நாள்" என்றிருந்தது. நான் ராஜாவை அடித்துவிட்டுச் சுதந்திரத்தைப் போட்டு, ஆளுக்கொரு வாக்கியம் இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். கிரேன் ஓட்டும் சுப்பராயன் கறுப்புச் சட்டையோடு எழுந்து, "சேட் டே சார்" என்றான். அவன் கட்சியில் அது துக்க நாளாம், வெள்ளைக்காரன் போய் வடக்கத்தியான் வருகிறானாம். கப்பல் சமையல்காரர்களிடம் பேரம் பேச இங்கிலீஷ் படிக்கும் மீன்காரி கன்னியம்மா, "வெள்ளைக்காரன் போனா உனக்கு இன்னாத்துக்குயா துக்கம்? அவன் இன்னா உன் மாமனா?" என்று கேட்டாள். அவன் பெஞ்சைத் தட்ட, இவ கூடையைத் தூக்க, நான் வாங்கியாந்த லட்டெல்லாம் தரையில உருள, நடுவுல நான் 'ஹேப்பி'க்கு எழுத்துக் கூட்டிகினு நிக்கறேன், யாரு கேக்கறா.

அப்பத்தான் கிடங்குக் காவல்காரர் லியாகத் அலி எழுந்தாரு. அவர் தம்பி தந்தி ஆபீஸ் குமாஸ்தா. ஒரே வூட்ல இருந்தவங்க. முந்தாநேத்துதான் பாகிஸ்தானுக்கு, கராச்சிக்கு மாத்தல் வாங்கிகினு, பொண்டாட்டி புள்ளைங்களோட ரயிலேறிட்டான். இவரு மெதுவா, "யெஸ்டர்டே மை பிரதர் இஸ் ஹியர்"னாரு. நேத்து என் தம்பி இங்க இருக்கான்னு அர்த்தம். தப்புதான் அக்கா, 'வாஸ்'னு சொல்லணும். திருத்த வாயைத் தொறந்தேன். சுப்பராயன் என் கையைப் புடிச்சுகினு, "வாணாம் சார், அப்டியே இருக்கட்டும்"னான். கன்னியம்மா ஒரு லட்டை எடுத்து, மண்ணை ஊதி, அவர் கையில வச்சா. அவர் தின்னல, கைக்குட்டையில முடிஞ்சிகினாரு.

எனக்கே பிடிபடாத ஒரு நாளை ஊராருக்கு நான் எப்படிப் பாடம் நடத்துவது? ஆகையால் இனி சாயங்காலங்களில் சும்மா இருப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

உன் தம்பி,
தேசப்பன்

பி.கு.: அக்கா, வகுப்பை மூடவில்லை. இதை ஒட்டுவதற்குள் மூவரும் வூட்டுக்கே வந்துட்டாங்க. லியாகத் அலி தம்பிக்குக் கடுதாசி போட இங்கிலீஷ்ல விலாசம் எழுதக் கத்துக்கணுமாம். 'கராச்சி'க்கு எந்த எழுத்து முதல்ல வரும்னு சுப்பராயனும் கன்னியம்மாவும் வாசலில் சண்டை போட்டுகினு இருக்காங்க. ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. நான் போறேன்.