வளையல் நானாவின் ஒரே ஒரு வோட்டு

கண்டிச் சீமைக்கு வோட்டைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரத் துரைமார் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கண்ணால் கண்டவன். பன்வில மலைக்கு வோட்டைக் கொண்டுபோனது எங்கள் வளையல் நானாதான். தலையில் கண்ணாடி வளையல் பெட்டி, வாயில் வோட்டு. இரண்டையும் அவர் கீழே இறக்கி நான் பார்த்ததில்லை.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவருடைய சொந்தப் பெயர் கண்டியில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்றால் பாருங்கள். மூட்டை தூக்கி, மூட்டைக்காரனாகி, அந்த மூட்டைகளை ஏற்றும் லொறிக்கே சொந்தக்காரனான எனக்குத் தெரியாத ஆள் இந்த ஊரில் உண்டா?

அரசாங்க சபைக்கு ஆண், பெண், ஏழை, பணக்காரன் எல்லோரும் வோட்டுப் போடலாம் என்று முதல் தடவை செய்தி வந்ததும் நானாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பிரசங்கம் செய்ய அவருக்கு மேடை தேவைப்படவில்லை. வளையல் பாதி ஏறி, விரல் முட்டியில் இறுகி நிற்கும் பாருங்கள், அந்த நேரம் அவருக்குப் போதும். எந்தப் பெண்ணும் கையை உருவிக்கொண்டு ஓட முடியாது.

"மகள், வோட்டுப் போடுவீங்கதானே?"

"ஐயோ, கை வலிக்குது நானா!"

"போடுறேண்டு சொல்லுங்கொ, வளையல் தன்னால ஏறும்."

"போடுறேன், போடுறேன்! சாமி சத்தியமா போடுறேன்!"

சர்ரென்று ஏறிவிடும். இப்படியே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாகச் சத்தியம் வாங்கினார். ஆண்களுக்கு வளையல் கிடையாதே என்று நினைக்காதீர்கள். அவர்களைச் சவரக் கடையில், ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் நுரையோடு இருக்கும்போது பிடிப்பார். என்னைப் பிடித்தது என் லொறிக்கு அடியில். கையில் ஸ்பானரோடு மல்லாக்கப் படுத்திருந்தேன். காலடியில் குந்திக்கொண்டு பேச ஆரம்பித்தவர், நான் வோட்டுப் போடுவதாகச் சொன்ன பிறகே நகர்ந்து வழிவிட்டார்.

யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லவே மாட்டார். கேட்டால் கோபம் வரும். "நான் வளையல் விக்கிறவன். நிறம் நீங்கதான் தெரிஞ்செடுக்கணும்" என்பார்.

அந்தத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி. எங்கள் தொகுதியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று. எழுத்துத் தெரியாதவனும் நிறம் பார்த்துச் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். நானா மூன்று பிஸ்கட் டின்களுக்கு நிறக் கடதாசி ஒட்டிக்கொண்டு பன்விலத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் ஒத்திகை வைத்தார். லொறியை நிறுத்திவிட்டு நானும் வேடிக்கை பார்த்தேன்.

முதலில் வந்தவள் காமாட்சி. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டே சண்டையும் பிடிக்கக்கூடிய பெண்பிள்ளை. சீட்டை வாங்கினாள். மூன்றாகக் கிழித்தாள். டின்னுக்கு ஒரு துண்டாகப் போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். பின்னால் வந்த பெண்களும் அப்படியே கிழித்தார்கள்.

நானா தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன மகள் இது? கந்தூரிச் சோறா பங்கு வைக்க?"

"மூணு பேருமே லயத்துக்கு வந்து கும்புட்டுட்டுப் போனாங்க நானா. ஒருத்தருக்குப் போட்டு ரெண்டு பேரு மனச நோகடிக்கச் சொல்றீங்களா? எங்க வீட்டுல அப்புடிப் பழக்கமில்ல."

நானா கிழிந்த துண்டுகளை டின்களிலிருந்து பொறுக்கி எடுத்தார். பிறகு கேட்டார்: "பொண்ணு கேட்டு மூணு வீட்டுலேருந்து வந்தா, மூணு பேருக்கும் தேத்தண்ணி குடுப்பீங்க. பொண்ணையும் மூணு பேருக்குமா குடுப்பீங்க?"

காமாட்சி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு ஒருத்தியும் சீட்டைக் கிழிக்கவில்லை.

வோட்டு நாள் விடிந்தது. நான் காலையிலேயே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப்புறமுள்ள பள்ளிக்கூடத்தில் என் வோட்டைப் போட்டேன். எனக்கு முன்னால் யாரும் போட்டிருக்க முடியாது. கதவைத் திறந்துவிட்டதே நான்தான். நானாவின் வோட்டும் அங்கேதான். ஆனால் மனுஷன், "பன்விலப் பிள்ளைகள் எறங்கினதப் பாத்துட்டு வந்து போடுறேன்" என்று என் லொறியில் ஏறிக்கொண்டார்.

போனால், லயத்துக்கு முன்னால் கங்காணி நிற்கிறார். "வேல நாளு. கீழ போறவளுக்குப் பேரு கெடையாது" என்கிறார். பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. பெண்கள் கூடையைப் பார்க்கிறார்கள், பாதையைப் பார்க்கிறார்கள்.

நானா பெட்டியோடு கங்காணியின் முன்னால் போய் நின்றார். "கங்காணியார், ஒங்களுக்கு எத்தின வோட்டு ஈக்கி?"

"ஒண்ணு. ஏன்?"

"பெரிய தொரைக்கு?"

"ஒண்ணுதான்."

"இந்தக் காமாட்சிக்கு?"

கங்காணி மீசையைத் தடவினார். காமாட்சி சொன்னாள்: "ஒண்ணு." சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். பேர் போனால் போகட்டும் என்று அத்தனை பேரும் இறக்கினார்கள். மலைப்பாதையில் அவர்கள் இறங்கியபோது கேட்ட வளையல் சத்தம் இருக்கிறதே, என் லொறி எஞ்சின் அதில் அமுங்கிப்போயிற்று!

கீழே பன்வில வோட்டுச் சாவடியில் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. வெயில் சாய்ந்த பிறகு காமாட்சி உள்ளே போய் வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"என்ன மகள், போட்டீங்களா?"

"போட்டேன் நானா. அந்த மறைப்புக்குள்ள கங்காணி வரல்ல, தொரை வரல்ல, எங்க வீட்டுக்காரரும் வரல்ல. நான் மட்டுந்தான் நின்னேன். பொறந்ததுலேருந்து எனக்கு எது வேணும்னு யாருமே கேட்டதில்ல நானா. இன்னிக்கித்தான் கேட்டாங்க."

நானா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான்தான் கத்தினேன்: "நானா! உங்க வோட்டு!"

அப்புறம் நான் லொறி ஓட்டினேனா, லொறி என்னை ஓட்டிற்றா தெரியாது. வத்தேகமை வளைவுகளில் அப்படி ஓட்ட இன்றைக்கும் இந்த நாட்டில் வேறு ஆள் இல்லை. பின்னால் வளையல் பெட்டி குதிக்கிறது. பக்கத்தில் நானா ஓதிக்கொண்டே வருகிறார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வந்தால், ஆற்றில் குளித்துவிட்டு ஒரு யானை பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போகிறது.

நானா பாதி உடம்பை வெளியே நீட்டினார். "பாகன் மாத்தயா! ஆனைக்கு வோட்டில்ல, எனக்கு ஈக்கி! ஓரமா நிப்பாட்டுங்கொ!"

பாகன் சிரித்துக்கொண்டே ஒதுக்கினான். பள்ளிக்கூடம் தெரிந்தது. கதவைச் சாத்தப் போகிறார்கள். நான் பிரேக்கை மிதித்த மிதியில் வளையல் பெட்டி பறந்து நடுரோட்டில் விழுந்தது. அவருடைய கைமுதல் அத்தனையும் சில்லுச் சில்லாகச் சிதறியது. நானா திரும்பிப் பார்க்கவேயில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினார். சாத்துகிற கதவுக்குள் பக்கவாட்டில் நுழைந்தார்.

வெளியே வந்தபோது மாப்பிள்ளை மாதிரி வந்தார். ரோட்டில் கிடந்த கண்ணாடிச் சில்லுகளைக் காலால் ஓரம் தள்ளினார்.

"எல்லாம் போச்சே நானா!"

"கண்ணாடி தம்பி. திரும்பவும் வாங்கலாம். அந்தக் கதவு சாத்தியிருந்தா?"

"சரி, எந்த நிறத்துக்குப் போட்டீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்டுகள்ட கை அளவை இன்னொருத்தர்ட்டச் சொல்லியிருக்கேனா? இதுவும் அப்பிடித்தான்."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். எத்தனையோ பேரை மடக்கியவன் நான். இந்த ஒரு மனுஷனிடம் என் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அந்த இரகசியத்தோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை. பன்விலப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்தார்கள். அந்தக் கங்காணியே ஒதுங்கி நின்று வழிவிட்டார். ஒவ்வொருத்தி கையிலும் எல்லா நிற வளையலும் கலந்து கிடந்தது.

"என்ன காமாட்சி, இந்தத் தடவ எந்த நிறம்?" என்று கேட்டேன்.

கையை ஒரு குலுக்குக் குலுக்கினாள். "நீங்களே கண்டுபுடிங்கண்ணே!"

அன்றைக்கு நானும் என் வோட்டைப் போட்டுவிட்டு வந்தேன். லொறியின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன். யாருக்காக நிற்கிறேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.