அப்பாவின் நாலு போல்ட்

இந்த ஞாயிறு பூசைக்கு ஃபியட்டை நான்தான் ஓட்டுவேன் என்று அப்பா சபதம் எடுத்தார். அப்போது அம்மா வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் டியூட்டி.

அப்பா மதலைமுத்து ஆறடி. டெல்லியில் பதினெட்டு வருஷமாக அம்மாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து மாதா கோயிலுக்கு வருகிறவர். ஒரே ஒரு தடவை, எல்லாரும் பார்க்க, ஸ்டியரிங் பக்கமிருந்து இறங்கணும். வேறு ஆசை கிடையாது. அம்மா அமலி நாலடி பத்து. ஓட்டுவதில் அப்பாவைவிடக் கெட்டி. அதுதான் சிக்கல்.

எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி. அப்பாவின் பழைய அதிகாரி விட்டுப் போனது. அவரும் நெட்டை. பெஞ்சு மாதிரி ஒரே முன் சீட், அவருக்காகப் பின்னால் தள்ளி நாலு போல்ட் போட்டு முடுக்கியது. நாலும் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிவிட்டன. அம்மாவுக்குக் கால் பிரேக்குக்கு எட்டாது. துருதான் அப்பாவின் கட்சி.

“என்னங்க, சீட்டை முன்னால தள்ளுங்க.”

“அது போல்ட் இல்ல அமலி, பாறை. திருப்புனா தலை முறிஞ்சிரும்.”

“மெக்கானிக்கைக் கூப்பிடலாமே.”

“கூப்பிட்டேன். கைய விரிச்சிட்டான்.”

பொய். அவர் கூப்பிடவே இல்லை.

“அச்சா. அப்ப நீங்களே ஓட்டுங்க.”

அம்மா இவ்வளவு சீக்கிரம் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. எனக்குச் சந்தேகம். அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க, ஆபீஸ் விட்டு வந்ததும் அப்பா பார்க்கிங்கில் வண்டி ஓட்டினார். எஞ்சின் போடாமல். கண் பாதி மூடியிருக்கும். மஞ்சள் கொன்றைப் பூ கண்ணாடியில் மெதுவாக விழும். மயூர் விஹாரிலிருந்து யமுனையைத் தாண்டி, இந்தியா கேட்டைச் சுற்றி, அங்கிருந்து ஏதோ ஒரு கடலோரம். டெல்லியில் ஏது கடல் என்றேன்.

“சும்மா இரு, வளைவு வருது.”

வளைவில் உடம்போடு சாய்வார். சீட்டும் கூடவே முனகும். அவருக்கு அது அலைச் சத்தம்.

காலையில் அவர் கிளம்பியதும் அம்மா இறங்கி வருவாள். கையில் ஊசி கழற்றிய சிரிஞ்சு. உள்ளே துருவை இளக்கும் எண்ணெய். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நாலு சொட்டு.

“சுத்தியலால ரெண்டு போட்டா வந்துரும்ல?” என்றேன். எனக்குப் பொறுமை கிடையாது.

“தலை முறியும். உங்கப்பா சொன்னது நிஜமாயிடும்.”

சனிக்கிழமை அப்பா தலைக்கும் மீசைக்கும் மை பூச சலூனுக்குப் போனார். அம்மா ஸ்பானரை எடுத்தாள். கொஞ்சம் கழற்றினாள், கொஞ்சம் முடுக்கினாள், மறுபடி கழற்றினாள். மூன்று வந்தன. நாலாவதன் தலையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் ராடை வைத்துச் சூடாக்கி, மெழுகுவர்த்தியால் தொட்டாள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. போல்ட் பெருமூச்சு விட்ட மாதிரி நகர்ந்தது. தரையில் முன்னால் இருந்த ஓட்டைகளைச் சுரண்டி, சீட்டை அங்கே தள்ளி, புது போல்ட்டில் கிரீஸ் தடவி முடுக்கினாள்.

ஞாயிறு. வெள்ளைச் சட்டை, கறுத்த மீசை. அப்பா சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து ஏறினார். ஏறப் பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

“அமலி, சீட்டு முன்னால வந்திருக்கு.”

“ஆமா.”

“பாறையாச்சே அது?”

“நீங்கதான் ஒரு வாரமா மேல உக்காந்து ஆடுனீங்களே. எண்ணெய் நல்லா இறங்கிட்டு. நான் தனியா செஞ்சிருந்தா ஒரு மாசம் ஆயிருக்கும்.”

“ஸ்பானர் எங்க? பின்னால தள்ளிடுறேன்.”

“ஒம்பதுக்குப் பூசை. மணி எட்டே முக்கால். ஜல்தி.”

சாவி கை மாறியது. அப்பா இடது பக்கம் வந்து ஏறிப் பார்த்தார். ஒரே சீட்டு, அதே இடி. அவர் பின் சீட்டுக்குப் போக, நான் முன்னால் ஏறிவிட்டேன். பாவம்தான். ஆனால் காற்று அங்கேதான் வரும்.

கோயில் வாசலில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். எல்லாரும் பார்க்க, ஸ்டியரிங் பக்கமிருந்து அம்மா இறங்கினாள். பின்னாலிருந்து அப்பா இறங்கினார்.

“என்னங்க,” என்றாள் அம்மா, “கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க.”