பசை மதினியின் இருமல் வைத்தியம்

பசை மதினியைப் போலக் கோபத்தைக் கிளப்புகிற மனுஷி சிவகாசி வட்டாரத்தில் அவளுக்கு முன்பும் பிறக்கவில்லை, பின்பும் பிறக்கவில்லை. ஒரு தடவை விருதுநகர் பஸ் இவள் கைகாட்டியும் நிற்காமல் போய்விட்டது. மதினி கருவக்காட்டுக்குள் குறுக்கே ஓடி, அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். ஏறவில்லை. டிரைவரின் அப்பன், பாட்டன் வரைக்கும் விசாரித்துவிட்டு, "இப்பப் போ" என்று சொல்லித் திரும்பி நடந்து வந்துவிட்டாள்.

நாரணாபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த வெடிக் கம்பெனியில் அவளுக்குப் பசை காய்ச்சுகிற வேலை. மைதா மாவைக் கொப்பரையில் கிண்டி, யாரும் தின்றுவிடக் கூடாதென்று மயில்துத்தம் கலப்பாள். அந்த விஷம் போதாதென்று பக்கத்தில் நின்று வாயையும் திறப்பாள். எந்த அண்ணனுக்கு அவள் பெண்டாட்டி, எந்த உறவில் மதினி என்று ஒருத்தருக்கும் தெரியாது. கணக்குப்பிள்ளை முதல் காவல்காரர் வரை எல்லாருக்கும் மதினிதான்.

நான் அங்கே வெடிக்குக் குழாய் சுருட்டுகிறவள். எங்கள் அப்பா சர்ச்சில் மணி அடிக்கிறவர். அந்த மணியைத் தவிர வேறெதிலும் சத்தம் காட்டத் தெரியாத குடும்பம் எங்களுடையது. எனக்கு நடந்தால் மூச்சு வாங்கும், குனிந்தால் கண் இருட்டும். மிஷன் டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்தின் உள்சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருக்கிறது, வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில் இப்போதுதான் இதயத்தைத் திறந்து தைக்கிறார்கள், போகாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார். வீட்டில் எல்லாரும் பயந்தது ஓட்டைக்கு இல்லை, ஊருக்கு. எனக்கும் அத்தை மகன் தேவராஜுக்கும் பேசி முடித்திருந்தது. நெஞ்சைக் கிழித்த பெண்ணை யார் கட்டுவார்கள்? அதனால் நான் பெரியம்மா வீட்டுக்கு லீவுக்குப் போவதாகப் பேச்சு.

போகிறதற்குள் ஒருநாள் குழாய்த் தட்டோடு கம்பெனியில் விழுந்துவிட்டேன். மதினிதான் தூக்கினாள். என் நெஞ்சில் கையை வைத்தவள் கத்தினாள்.

"ஏட்டி ஞானம், என்னட்டி இது, உள்ளுக்குள்ள பம்புசெட்டு ஓடுது!"

சேதி கேட்டு ஓடி வந்த எங்கம்மா அழுதுகொண்டே அவள் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் விஸ்வநத்தம் வரைக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அதை வெளியே காட்ட வழி தெரியவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இதில் பெரிய சிக்கல் ரத்தம். இதயத்தை நிறுத்திவிட்டு ஒரு மெஷின் வழியாக ரத்தத்தை ஓட்டுவார்களாம். அந்த மெஷினுக்கே முதலில் ரத்தம் ஊற்ற வேண்டும். அதுவும் அன்றைக்கு எடுத்த புது ரத்தம். எது சேரும் எது சேராது என்று சோதிக்க வேண்டும், அதனால் ஆட்கள் நிறைய வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

என் சொந்தக்காரர்களைப் பற்றி இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். பெரியப்பாவுக்கு வெம்பக்கோட்டையில் திடீரென்று விதைப்பு வந்துவிட்டது. மழையே பெய்யவில்லை. சித்தப்பா சொன்னார், "என் ரத்தம் பயங்கரச் சூடு. புள்ள ஒடம்பு தாங்காது." ஒருத்தர், ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்றார். அவருக்குப் பேரன் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரம் பார்த்து மதினி சர்ச் வாசலில் வந்து நின்றாள். அவள் சர்ச்சுக்கு வருகிறவள் இல்லை. சண்டைக்கு எந்த வாசலும் ஒன்றுதான் அவளுக்கு.

"உள்ள ஏசு ரத்தம் ரத்தம்னு அம்புட்டுப் பாட்டுப் படிச்சீகளே, எனக்கு ரோடு வரைக்கும் கேட்டுச்சு. இப்ப யாரு குடுக்கப் போறீக?"

கூட்டம் செருப்பைத் தேடியது. அத்தை மட்டும் முன்னால் வந்தாள்.

"யாரு யாரு ரத்தமோ எங்க வீட்டுக்கு வாழ வரப்போற புள்ள ஒடம்புல ஓடணுமாக்கும்? அது எந்தத் தெரு ரத்தம்னு யாரு கண்டா?"

"நல்ல கேள்வி தாயி. தெரு பாத்துத்தான் எடுக்கணும். ஒங்க தெருவுலயே ஆரம்பிச்சுருவோம். எங்க ஒம் மகன்? கூப்பிடு."

அத்தை மகனுக்கு வேறு வழியில்லை. அப்பாவோடும் என்னோடும் கிளம்பினார். விருதுநகர் ஸ்டேஷனில், ரயில் வருவதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் போன பிறகு கம்பெனியில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். மதினி கணக்குப்பிள்ளையிடம் போய் ஆட்களுக்கு லீவு கேட்டிருக்கிறாள்.

"சீசன் நேரத்துல லீவா? ஆர்டர் மலையாக் கெடக்கு மதினி. ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

மதினி விறுவிறுவென்று திரும்பி நடந்தாளாம். பசைக் கொப்பரையை அடுப்பில் கவிழ்த்து, அதை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பசை இல்லாவிட்டால் குழாய் இல்லை, குழாய் இல்லாவிட்டால் வெடி இல்லை. மதியத்துக்குள் கம்பெனியே கைகட்டி நின்றது. கடைசியில் வடக்கே போகிற வெடி லோடு லாரியில் ஆட்களை ஏற்றிவிடக் கணக்குப்பிள்ளையே சம்மதித்தார்.

வெடிப் பெட்டிக்கு மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேலே ஆட்கள். பீடிக்குச் செத்துப்போகிறவர்கள். மதினி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருத்தன் மடியையும் சோதித்தாளாம். லாரியை எங்காவது நிறுத்தி, ஆட்களைக் காட்டுக்குள் வெகுதூரம் நடத்திப் போய்ப் பீடி குடிக்க விட்டு, திரும்பி ஏறும்போது வாய் கொப்பளிக்க வைத்து மோந்து பார்த்து ஏற்றியிருக்கிறாள். மாடசாமி என்ற மீசைக்காரர் சொன்னார்: "ரத்தம் குடுத்தது ஒண்ணுமில்ல தாயி. இந்தப் பொம்பளகூட லாரியில வந்ததுதான் எம் உசுரக் குடிச்சிருச்சு."

ஆஸ்பத்திரி வாசலில் லாரியை விட்டு இறங்குகிறதற்கு முன்னாலேயே மதினியின் குரல் எனக்குக் கேட்டது.

"நெஞ்சுல ஓட்டை விழுந்த சிவகாசிப் புள்ள எங்கன இருக்கு?"

வெள்ளைக்கார டாக்டர் முதல் கக்கூஸ் கழுவுகிறவர் வரை எட்டிப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன்.

அதோடு விடவில்லை. கம்பெனியில் வெடிமருந்து இடிக்கிற அறையிலிருந்து அப்படியே கூட்டி வந்த ஆட்கள். அலுமினியப் பவுடர் படிந்து முழங்கை வரைக்கும் வெள்ளியாய் மின்னுகிற கைகள். அத்தனை பேரும் வரிசையாகக் கையை நீட்ட, நர்ஸம்மா பயந்து டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன வியாதி இது?"

"வியாதி இல்ல தாயி, மத்தாப்பு" என்றாள் மதினி. "தேய்ச்சுக் கழுவுங்க, உள்ள ரத்தம் செவப்பாத்தான் இருக்கும்."

கழுவினார்கள். எடுத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் மாடசாமி மயங்கி விழ, மதினி மீசையைப் பிடித்து எழுப்பினாள். கடைசியில் தன் கையையும் நீட்டினாள். சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே ரத்தம் பத்தாதும்மா" என்றார் நர்ஸம்மா. மதினிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எனக்கா? எனக்கா ரத்தம் இல்ல?" என்று வராந்தா முழுக்கச் சண்டை. ஆட்களெல்லாம் ஊர் திரும்பினார்கள். மதினி மட்டும் போக மாட்டேன் என்று என் கட்டிலுக்கடியில் பாயைப் போட்டுவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஓட்டையைத் தைத்துவிட்டார்கள். கண் விழித்தபோது நெஞ்சின் மேல் ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. ஆபத்து வந்தது அதற்குப் பிறகுதான். இரும வேண்டும், ஆழமாக இருமிச் சளியைத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் தங்கிக் காய்ச்சலாகிவிடும் என்று நர்ஸம்மா தலையணையை நெஞ்சில் அணைத்துப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். தையல் வலி ஒரு பக்கம். அத்தனை பேர் இருக்கிற வார்டில் சத்தமாக இருமக் கூச்சம் இன்னொரு பக்கம். பூனைக்குட்டி தும்முகிற மாதிரி ஒன்று வந்தது. காய்ச்சல் ஏறியது. டாக்டர் முகம் மாறியது. இன்றைக்கு இருமாவிட்டால் தொண்டையில் குழாய் விட வேண்டும், அதற்கு இந்த உடம்பு தாங்குமா தெரியாது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மதினி கட்டிலில் ஏறி என் எதிரே உட்கார்ந்தாள்.

"இருமுட்டி."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"ஒங்கப்பனுக்கு மணி அடிக்கவும் தெரியாது. கல்யாணத்துக்கு அடிச்சாலும் எழவு விழுந்த மாதிரித்தான் கேக்கும்."

தலையணையை இறுக்கிக்கொண்டேன்.

"ஒங்கம்மா கொழம்பு இருக்கே, எம் பசையில உப்புப் போட்டா அதவிட நல்லா இருக்கும்."

"மதினி, போங்க" என்றேன். காற்றுதான் வந்தது.

"தேவராஜு ஓடுனது சரிதாண்டி. ஒன்னக் கட்டுனா ஊமைச்சியக் கட்டுன மாதிரித்தான். நானா இருந்தா அன்னிக்கே ஓடிருப்பேன். காப்பிகூடக் கேட்டிருக்க மாட்டேன்."

எனக்குள் எங்கே இருந்து அது வந்ததென்று தெரியவில்லை. என்னைவிட மூத்தவளை, எனக்காக லாரியில் வந்தவளை, "போடி வெளியே!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தக் கத்தலின் வாலைப் பிடித்துக்கொண்டு இருமல் வந்தது. நெஞ்சே பிளந்து போகிற மாதிரி ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. மதினி தலையணையை என் நெஞ்சோடு சேர்த்து, அடுப்புத் தழும்பு நிறைந்த இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நர்ஸம்மா கிண்ணம் கொண்டுவந்தார். சளி கட்டி கட்டியாக வந்தது.

"இன்னொரு வாட்டி வையி" என்றாள் மதினி. "அந்த 'போடி'ய இன்னும் கொஞ்சம் இழுத்து."

அன்றைக்கே காய்ச்சல் இறங்கியது. ஊர் திரும்பிய பிறகும் காலை மாலை நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து இரும வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் கம்பெனி விட்டதும் மதினி பசை நாற்றத்தோடு நடந்தே எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவாள். "ம், ஆரம்பி."

நான் அவளை வைய வேண்டும். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்துபோனது. அம்மா அடுப்படியிலிருந்து எடுத்துக்கொடுப்பாள். அதுவும் தீர்ந்தால் மதினியே சொல்லித்தருவாள். "நேத்து வஞ்சதையே வையாதட்டி, ஒறைக்க மாட்டேங்குது." ஒருநாள் அத்தை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "எங்க ஜெபந்தான் ஒன்னக் காப்பாத்துச்சு" என்றாள். பழகின வாய். அன்றைக்கு மூச்சுப் பயிற்சி நன்றாக நடந்தது. அத்தை ஆரஞ்சை வைத்துவிட்டு ஓடினாள். மதினி உரித்துச் சாப்பிட்டாள்.

பிறகு மிஷன் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இனி இருமல் பயிற்சி வேண்டாம் என்றார். மதினியிடமும் சொன்னேன். "சரி, தொல்லை விட்டுச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலமும் வந்தாள். தண்ணீரைக் குடித்தாள். சம்மணம் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

அவ்வளவு தூரம் நடந்து வந்தவளை வெறுமனே திருப்பி அனுப்ப எனக்கு மனது வரவில்லை. கொஞ்சம் வைது அனுப்பினேன்.