இக்னேஷியஸ் வீட்டுக் கார்

அம்பாசிடர் வந்து நிற்க வேண்டிய வாசலில் ஃபியட் வந்து நின்றது.

"இன்னா பாய் இது?" என்று அலறாத குறையாகக் கேட்டார் இக்னேஷியஸ்.

"அம்பாசிடர் பார்ட்டி காலையிலயே எடுத்துகினு போய்ட்டான் நைனா. ஷெட்டுல இதான் கீது. ரிப்பேர் முடிஞ்ச வண்டி, நாளைக்குத்தான் டெலிவரி. ஆறு மணிக்கு வந்து எடுத்துக்குறேன்."

சாவியைக் கையில் திணித்துவிட்டு மெக்கானிக் அமீருதீன் நடையைக் கட்டினார்.

இக்னேஷியஸ் ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. மகள் ரோசிக்கு இருபத்தாறு முடியப்போகிறது. மூன்று வரன்கள் வந்து காபி குடித்ததோடு சரி. நாலாவதாவது அமையட்டுமே என்று தரகர், பெண் வீட்டில் சொந்தக் கார் இருப்பதாக அளந்துவிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கார்ப் பைத்தியமாம். எனவே ஒரு வாரமாக அம்பாசிடரின் ஜாதகத்தை இக்னேஷியஸ் உருப்போட்டிருந்தார். ஃபியட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கும் நாலு சக்கரம் என்பதுதான்.

"வாயத் தொறக்காம குந்திகினு இருங்க, போதும்," என்றாள் மனைவி அடைக்கலமேரி.

நாலு மணிக்கு டாக்சி வந்தது. வண்ணாரப்பேட்டை பருப்பு வியாபாரி சிலுவைமுத்துவும், மனைவி தங்கபுஷ்பமும், மகன் ஜார்ஜும் இறங்கினார்கள். தங்கபுஷ்பம் காரை ஒருமுறை பார்த்துவிட்டு மகனோடு உள்ளே போனாள். சிலுவைமுத்து போகவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"உங்க வண்டியா?"

"ஆமா சார்."

"எத்தன சி.சி.?"

படித்த பாடம். "ஆயிரத்து நானூத்தி எம்பத்தொம்போது."

"அது அம்பாசிடருக்குல்லா? ஃபியட்டுக்கு ஆயிரத்து எம்பத்தொம்போதுதான்."

இக்னேஷியஸுக்கு வியர்த்தது. "இஞ்சின மாத்திட்டேன் சார். அம்பாசிடர் இஞ்சினு போட்டுக்கீறேன்."

சிலுவைமுத்துவின் முகம் வெளிறியது. "எப்போ?"

"போன வாரம்."

அவர் பாய்ந்துபோய் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அரை நிமிடம் கழித்துப் பெருமூச்சோடு நிமிர்ந்தார்.

"பழைய இஞ்சினுதான இருக்கு?"

"திரும்ப மாத்திட்டேன். அம்பாசிடருக்கு இழுவ ஜாஸ்தி, ஆனா பெட்ரோல் குடிக்குது."

"அது வாஸ்தவம். பின்னால நாலு பேரு உக்காரலாம், டிக்கியில மூட்டை ஏத்தலாம். ஆனா எங்க சந்துல ஃபியட்டுதான் திரும்பும். ஆமா, அந்த இஞ்சினு இப்ப எங்க?"

"அம்பாசிடர்லயே கீது."

"அப்ப ரெண்டு காரா?"

உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சிலுவைமுத்து விடவில்லை. "துறைமுகத்துச் சம்பளத்துல ரெண்டு கார் எப்படி? கப்பல்ல வர்ற சரக்கு ஏதும் வெளிய போகுதோ?"

கடத்தல்காரன் பட்டமும் வந்துவிட்டது. "மாதா சத்தியமா இல்ல சார். ஒண்ணு ரோசிக்குன்னு வாங்குனது, சீராக் குடுக்க."

"எது?"

இல்லாத அம்பாசிடரை எப்படிக் கொடுப்பது? "வாசல்ல நிக்குதே, இந்த ஃபியட்டுதான்."

"இதையா எங்களுக்குத் தரப்போறீங்க?"

"உங்களுக்கேதான்."

சிலுவைமுத்துவுக்குப் புரையேறியது. அடைக்கலமேரி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மணி ஐந்தே முக்கால். அமீருதீன் வரும் நேரம். இக்னேஷியஸ் மகளைப் பார்த்தார். ஜார்ஜ் ஏதோ கேட்க, ரோசி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். முந்தைய மூன்று பேரிடமும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. இந்தப் பிள்ளையின் வாழ்வைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தார்.

"சார், அந்தக் கார் வந்து..."

அதுவரை வாயே திறக்காத தங்கபுஷ்பம் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"சீரெல்லாம் வேண்டாங்க, எங்களுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. டாக்சியும் கூப்பிட வேண்டாம். ஷெட்டுல விட்டிருந்த எங்க வண்டிதான் வாசல்ல நிக்குதே, அதுலயே போயிருதோம்."