சப்மரின் காக்காவின் பிஸ்கட் பேணிகள்

இலங்கை அணுசக்தி நீர்மூழ்கி எடுக்கப்போவதை இலங்கை அரசாங்கத்துக்கு முன்பே அறிந்திருந்த ஒரே மனிதர் எங்கள் கல்முனைத் தெருவில்தான் இருந்தார். தொழில், கலியாண வீடுகளில் சமையல். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் சப்மரின் காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

எண்பதுகளின் கடைசியில், இந்தியா சோவியத்திடமிருந்து அப்படியொரு கப்பலை வாடகைக்கு எடுத்ததாக வானொலி சொன்னது. அன்று பிடித்தது அவருக்கு நீர்மூழ்கிப் பைத்தியம்.

“வாடகைக்குக் குடுக்கிறாங்களெண்டா நமக்கும் ஏலுந்தானே? கலியாணத்துக்குச் சோறாக்க நாம கிடாரம் எடுக்கல்லியா?”

“காக்கா, கல்முனைக்கு இன்னும் ரயிலே வரல்ல. நீர்மூழ்கி எப்பிடி வரும்?” என்றேன்.

“ரயிலுக்குத் தண்டவாளம் போடணும் தம்பி. கடல அல்லா போட்டுத்தானே வெச்சிரிக்கான்!”

அடுத்து அவர் சொன்னதை நினைத்தால் இன்றும் மலைப்புத்தான். அணு எஞ்சினுக்கு வருஷக்கணக்கில் எண்ணெய் வேண்டாம். சோறு தீர்ந்தால்தான் கப்பல் மேலே வரவேண்டும். ஆகவே நாட்டின் எதிர்காலம் சமையல்காரன் கையில். அந்தப் பதவிக்கு அவர் ரெடி.

பயிற்சி தொடங்கியது. கடலுக்கடியில் ஜன்னல் திறக்க முடியாதல்லவா? குசினிக் கதவு, ஜன்னல், ஓட்டு இடுக்கு எல்லாவற்றையும் சாக்கால் அடைத்துவிட்டு உள்ளே மீன்போட்டு ஆணம் காய்ச்சினார். புகையைக் கண்ட தெரு வாளிகளோடு ஓடிவந்தது. இருமிக்கொண்டு வெளியே விழுந்தவரை மனைவி பிடித்துக்கொண்டார்.

“கப்பல் வர முந்தி மூச்சடைச்சி உங்கட மையத்துப் போயிரும்!”

அதன்பின் காக்கா அடுப்பே வேண்டாத சாப்பாட்டுக்கு மாறினார். வறுத்த அரிசிமா, சீனி போட்டு வறுத்த தேங்காய்ப்பூ, கருவாட்டுச் சம்பல். எல்லாவற்றையும் பெரிய பிஸ்கட் தகரப் பேணிகளில் அடைத்து, மூடிக்கு மெழுகு பூசி, கட்டிலுக்கடியில் அடுக்கினார். உழைத்ததெல்லாம் அதற்குள்தான் போனது. மனைவி ஒரு பிடி கேட்டாலும், “நாட்டுக்கு வெச்ச சாமான், தொடப்படா!” என்பார்.

பிறகு ஊரில் பிரச்சினை மூண்டது; தெருவில் துப்பாக்கிகள் திரிந்தன. நாள்கணக்கில் ஊரடங்கு. கடைகள் பூட்டு. புகை எழுந்தால் வீட்டில் ஆளிருப்பது தெரிந்துவிடுமே என்று, மிச்சமிருந்த அரிசியைக்கூட வேகவைக்கப் பயம். என் சின்ன மகள் பசியில் அழுது அழுது குரல் கம்மிப்போனாள்.

அப்போது வேலியிலிருந்த கடப்பு இடைவெளிக்குள்ளால் ஒரு பெரிய சகன் தட்டு நுழைந்தது. அதில் தேங்காய்ப்பூவும் அரிசிமாவும் பிசைந்து குவித்திருந்தது. பின்னால் காக்காவின் தலை.

“எல்லாரும் ஒரே சகன்ல தின்னுங்க. ஆளுக்கொரு கோப்பை கழுவித் தண்ணிய வீணாக்கப்படா. கப்பல்ல அப்பிடித்தான்.”

சொல்லிவிட்டு அடுத்த வேலிக்குத் தவழ்ந்து போனார். ஊரடங்கு முடியும்வரை எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை.

தடை தளர்ந்த காலையில் காக்கா தன் முற்றத்தில் உட்கார்ந்து வெறும் பேணிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“நாட்டுக்கு வெச்சதெல்லாம் முடிஞ்சி போச்சே, காக்கா?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“நாட்டுக்குத்தானே தம்பி குடுத்த?”

நீர்மூழ்கி இன்னும் வரவில்லை. என்றைக்காவது வந்தால், அதில் சமைக்க சப்மரின் காக்கா இல்லையே என்பதுதான் என் கவலை.