எட்டை விரட்டிய மகா எண்

அந்த வருஷம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கடவுள் எண்ணாக அவதாரம் எடுத்திருந்தார்: 12345679. நடுவில் எட்டைக் காணோமே என்று பதற வேண்டாம். எட்டு சனியின் எண்ணாம்; அதை விரட்டிவிட்டுத்தான் இந்த மகா எண் உலகைக் காக்க வந்திருக்கிறதாம். சொன்னவர் எண்ணொளி அடிகள். அச்சரப்பாக்கத்திலிருந்தும் கருங்குழியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து அவர் காலில் விழுந்தார்கள். எட்டாம் தேதி குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. மீன்களுக்கு மாதம் ஒரு நாள் லீவு.

அடிகளிடம் பிடித்த எண்ணைச் சொல்ல வேண்டும். ஐந்து என்றால், "மகா எண்ணை நாற்பத்தைந்தால் பெருக்கு" என்பார். சீடன் கரும்பலகையில் பெருக்குவான். 555555555 என்று வரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எட்டை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் குடும்பம் விளங்காது.

மீன் விற்கும் ஆதியம்மாளும் மகளோடு அங்கே வந்து நின்றாள். அந்த மகள் சாந்தா பிறந்தது எட்டாம் தேதி. நிச்சயம் முடிந்த பிறகு, மாப்பிள்ளையின் தாய் ஜெகதாம்பாள் பின்வாங்கிவிட்டாள். மகா எண் பொறித்த தகட்டைப் பெண் கழுத்தில் கட்டினால்தான் கல்யாணமாம். தகட்டுக்கு அடிகள் கேட்டது ஆதியம்மாளின் கம்மலை. துறவிக்குக் கம்மல் எதற்கு என்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை.

ஆதியம்மாள் திருகாணியில் கை வைத்தாள். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த சாந்தா அந்தக் கையைப் பிடித்தாள்.

"இரும்மா. சாமி, எனக்குப் புடிச்ச எண்ணு எட்டு."

"அபசாரம். மகா எண்ணிடம் எட்டு அண்டாது."

சாந்தா சாக்பீஸை எடுத்தாள். "அஞ்சுக்கு நாப்பத்தஞ்சு சொன்னீங்க. அஞ்சொம்போது நாப்பத்தஞ்சு. அப்ப எட்டுக்கு எட்டொம்போது எழுவத்திரெண்டு."

பெருக்கி முடித்தாள். 888888888. சனி தன் சொந்தபந்தத்தோடு வந்து வரிசையில் நின்றது.

"இந்த எண்ண ஒம்போதால பெருக்கினா வரிசையா ஒம்போது ஒண்ணு வருது. மத்ததெல்லாம் அதோட மடங்கு. கணக்கு சாமி, மந்திரம் இல்ல."

"பெருக்கல் கலிகால வித்தை" என்றார் அடிகள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"பெருக்க வேணாம். யம்மா, மகா எண்ணுல எத்தினி எழுத்து கீதுன்னு எண்ணு."

ஆதியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். எட்டாவது விரலில் எண்ணும் முடிந்தது, பயமும் முடிந்தது. "எட்ட வெரட்டறேன்னு எட்டையே எம்பொண்ணு கழுத்துல கட்டப் பாத்தியாய்யா? எழுந்து போ."

கூட்டம் சுற்றி வளைத்தது. தகடுகளைப் போட்டுவிட்டு அடிகள் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

கூட்டத்தோடு நின்றிருந்த ஜெகதாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "போவட்டும் ஆதி. நல்ல நாளாப் பாத்து கல்யாணத்த முடிச்சிடலாம்."

"எட்டாந்தேதி வெச்சிக்கலாம் அத்த" என்றாள் சாந்தா.

ஜெகதாம்பாளின் முகம் வெளுத்தது. கூட்டத்திலும் நாலு பேர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அடிகளை விரட்டிய அதே சனங்கள்தான். ஐயா, அம்மா, தலை இருப்பது மீன்கூடை சுமக்க மட்டுமல்ல. உள்ளே இருப்பதையும் ஒரு நாளாவது எடுத்துப் புழங்கிப் பாருங்கள்.