ஆடாத மெஷின்

பானெட் முழுக்கச் சிலந்தி வலை போலக் கீறல்கள். காலை வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் மின்னியது. டிரைவர் கருப்பண்ணன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

கலையரசி டீச்சரின் புதுக் கறுப்புக் கார். நாளை வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் காளி கோயிலில் அதற்குப் பூசை. நேற்று அரியலூர் போய்வந்ததில் படிந்த சிமெண்ட் தூசியைக் காய்ந்த துண்டால் துடைத்தவர் கருப்பண்ணன்தான். பழைய முதலாளி ஒரு கீறலுக்காகவே அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். ஐம்பத்தாறு வயதில் அவரை நம்பிச் சாவி கொடுத்தவர் டீச்சர் ஒருவர்தான்.

“டீச்சர், டயருக்குக் காத்து புடிச்சுட்டு வந்துடறேன்.”

“போயிட்டு வாங்கண்ணே. அவசரமே இல்ல.” டீச்சர் வெளியே வராமல் சன்னலுக்குள்ளிருந்தே சொன்னார்.

பெரம்பலூரில் கார் சாமான் கடை வைத்திருக்கும் அரியமுத்து இரண்டு பாலிஷ் மெஷின்களை எடுத்து வைத்தார்.

“இது ஒரே சுத்தா சுத்தும். பழகின கைக்குத்தான் அடங்கும். அது சுத்திக்கிட்டே ஆடும். புதுசா புடிக்கிறவங்களுக்கு அதாங்க நல்லது.”

கருப்பண்ணன் இரண்டாவதை ஓட்டிப் பார்த்தார். கை கிடுகிடுத்தது.

“என்னங்க, புதுசுலயே பேரிங் போன மாதிரி ஆடுது? ஆடாததக் குடுங்க.”

“ஆடுறதுதாங்க அதோட வேலையே.”

“முப்பது வருசமா வண்டி ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?”

ஆடாததையே வாங்கிவந்து, தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தித் தேய்த்தார். கீறல் போனது. ஆனால் பானெட் முழுக்கத் தோசை வார்த்ததுபோல வட்டம் வட்டமாகத் தடம்.

மனைவி ராசாத்தி எட்டிப் பார்த்தார். “முன்னாடி கிட்டப் போனாத்தான் தெரிஞ்சுது. இப்ப தெருமுனையிலேருந்தே தெரியுது.”

கருப்பண்ணன் போனை எடுத்தார். “டீச்சர், டயர் பஞ்சருங்க.”

“நிதானமா வாங்க. சாப்ட்டுட்டே வாங்க.”

இவ்வளவு நல்ல மனுசியிடம் பொய் சொல்கிறோமே என்று காளியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி கடைக்கு ஓடினார். அரியமுத்து குத்திக்காட்டவில்லை. ஆடும் மெஷினை இரவலாகவே கொடுத்தார்.

“வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுங்க, போதும்.”

மெஷின் ஆடியது, தடம் மறைந்தது. பானெட்டைப் பார்த்துத் தலை சீவலாம். அதனாலேயே கதவுகள் பழசாகத் தெரிந்தன. கதவைத் தேய்த்ததும் கூரை மங்கலாகத் தெரிந்தது. டீச்சரிடம் சொன்ன கணக்கில் மற்ற மூன்று சக்கரங்களும் பஞ்சராயின.

மாலையில் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்.

“வேலை முடிஞ்சுதுங்க. ஆனா மனசு உறுத்துது. கலையரசி டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.”

“அந்த டீச்சரா? மத்தியானம் ஆட்டோவுல வந்தாங்களே,” என்றார் அரியமுத்து. “விடிகாலையில தேங்கா நாரு போட்டுக் கழுவி வண்டியக் கீறிட்டாங்களாம், டிரைவரண்ணன் மனசு சங்கடப்படும், அவருக்குத் தெரியாமத் தேய்க்க ஒரு மெஷின் குடுங்கன்னு கேட்டாங்க.”